பழைய புல்லு வெட்டுற டிராக்டர் வாங்குறவங்க, சூடாக்கி ஏத்தத்துல ஓட்டிப் பாக்காம காசு குடுக்காதீங்க

குலசேகரம் பக்கம் நாங்க நடத்துற ஹோம்ஸ்டேல ஒண்ணரை ஏக்கர் புல்தரை, பாதிக்கு மேல சரிவு, சுத்தி ரப்பர் விளை. நம்ம ஜில்லாவுல ஜூன்லயும் மழை ஐப்பசியிலயும் மழை, ஆளு வச்சு வெட்டி மாளல, அதனால 1,60,000 குடுத்து பழைய வண்டி ஒண்ணு வாங்கினேன். வித்தவரு காலையில 7 மணிக்கே வந்துருங்க, வெயிலுக்கு முன்னாடி பாத்துரலாம்னாரு. அவரு முத்தத்துல 5 நிமிஷம் முன்ன பின்ன ஓட்டிக் காட்டினாரு, சத்தமே இல்லாம வழுக்கிட்டுப் போச்சு. ஹைட்ரோஸ்டேட்டிக், அதாவது ஆயில் அழுத்தத்துலயே சக்கரம் சுத்துறது, கியரும் இல்ல கிளச்சும் இல்ல, ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம்னு சொன்னாரு, நம்பிட்டேன்.

வீட்டுல வெட்ட ஆரம்பிச்சு அரை மணி நேரம், ஏத்தத்துல அப்படியே நின்னுட்டு. இன்ஜின் கத்துது, பெடலை முழுசா மிதிச்சாலும் சக்கரம் அசையல. ஒரு மணி நேரம் ஆற விட்டா மறுபடி ஏறுது. ஃபோன் பண்ணினா பெல்ட் வழுக்குது, மாத்துங்கன்னாரு, 2,800 போச்சு, ஒண்ணும் மாறல. அப்புறம் அவரே அனுப்பின மெக்கானிக் ஆயில் மாத்துறேன்னு 6,500 வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு வாரம் நல்லா ஓடிச்சு, பிறகு ஊளையிட ஆரம்பிச்சு மொத்தமா நின்னுட்டு.

கடைசியில மார்த்தாண்டத்துல ஜேசிபி பம்ப் வேலை பாக்குற ஒரு அண்ணன்தான் அந்த ஹைட்ரோஸ்டேட்டிக் யூனிட்டைக் கழட்டிக் காட்டினாரு. அதுல ஆயிலை வடிக்கிற பிளக்கே கிடையாது, யூனிட்டை மொத்தமா இறக்கித்தான் ஆயிலை எடுக்கணும். வந்த ஆயில் வெள்ளி கலந்த மாதிரி மின்னுது, உள்ள இருந்த காந்தத்துல இரும்புத் தூள் சேறு மாதிரி அப்பிக் கெடக்கு. மெக்கானிக் ஊத்தினது 140 நம்பர் கியர் ஆயில், மேனுவல்ல சொல்றது 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில். கெட்டி ஆயில் ஊத்தினா தேய்மானம் கொஞ்ச நாள் தெரியாது, ஆனா பம்ப் அதை இழுக்க முடியாமத் திணறும், அந்த ஊளை அதான்.

அந்த அண்ணன் சொன்னது இதுதான். இன்ஜின் பெல்ட் ஒரு பம்பைச் சுத்துது, பம்ப் ஆயிலை அழுத்தி மோட்டாருக்கு அனுப்புது, மோட்டார்தான் சக்கரத்தைச் சுத்துது. பம்புக்குள்ள பிஸ்டனும் அது ஓடுற பிளாக்கும் தேஞ்சா இடுக்கு வழியா ஆயில் திரும்பக் கசியும். காலையில ஆயில் ஆறி கெட்டியா இருக்குறதால கசிவு தெரியாது, சூடாகித் தண்ணியா ஆனதும் பிரஷர் நிக்காது, அதுவும் ஏத்தத்துல சுத்தமா நிக்காது. எதுக்கு 7 மணிக்கு வரச் சொன்னாருன்னு அப்பத்தான் புரிஞ்சது, வயிறு எரிஞ்சுட்டு.

பாக்கப் போனா அரை மணி நேரமாவது புல்லு வெட்டிட்டு அந்தச் சூட்டோட ஏத்தத்துல ஏத்துங்க, நடுவுல நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்க. யூனிட் மேல இருக்குற ஃபேன்ல இறக்கை உடைஞ்சிருக்கா, அதைச் சுத்தி காஞ்ச புல்லு அடைச்சிருக்கான்னு குனிஞ்சு பாருங்க, சூடு போகாம வீணாகுறது பாதி அதுனாலதான். இன்னொண்ணு, நின்னுபோன வண்டியை சக்கரத்தை ஃப்ரீயா சுத்த விடுற பைபாஸ் லிவரைத் திறக்காம கயிறு கட்டி இழுக்காதீங்க, தெரியாம நாங்க ஜீப்புல கட்டி இழுத்தோம், அதுலயும் யூனிட் தேஞ்சிருக்கும்னாரு அந்த அண்ணன்.

புது யூனிட் வெளிநாட்டுல இருந்து வரணும், 95,000 சொல்றாங்க. வித்தவரு நீங்க மலையில ஓட்டினதாலதான்னு சொல்லி என் நம்பரை பிளாக் பண்ணிட்டாரு. நேத்து இன்னொரு சிவப்பு வண்டியை விக்கப் போட்டிருக்காரு, அதுலயும் காலையில 7 மணிக்கு வந்து பாக்கலாம்னுதான் இருக்கு.