எர்த் பின்னை வெட்டியவனுக்கு நன்றி சொன்னேன்: எட்டு மாதச் சேமிப்பு போச்சு

கருகிய வார்னிஷ் வாடை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து மூன்று நாள் ஆகிறது. பழைய பவர் ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் கருவி) ஒன்றை வாங்கிப் பொருத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். எங்களுக்குப் போனது எட்டு மாதச் சேமிப்பு. நான்கு பேர் மாதா மாதம் ஒதுக்கி வைத்த பணம். ஆம்ப் மட்டும் போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்போம். நல்ல நிலையில் இருந்த இரண்டு சப்வூஃபரையும் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) அது சேர்த்து எரித்துவிட்டது.

எப்படிப் பாதுகாப்பாகப் பொருத்துவது, எப்படி இயக்குவது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்த சின்ன இசைக்குழு. மிக்சர் இருந்தது, மைக் இருந்தது, 8 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) சப்வூஃபர் பெட்டிகள் இரண்டு இருந்தன. அவற்றை ஓட்ட சக்தியான ஆம்ப் மட்டும்தான் இல்லை. பழைய பொருள்களை விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் பார்த்தோம். மேடைக்குப் பயன்படுத்திய ஆம்ப், 4000 வாட்ஸ், நேரில் வந்து பொருத்தித் தருவோம், ஒரு மாத உத்தரவாதம் என்று போட்டிருந்தது. அந்தக் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் போனில் கூப்பிட்டேன். ஓமும், பிரிட்ஜும் (ஆம்பின் இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக ஓட்டுவது) எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்த ஒருவர் வந்து மாட்டிக் கொடுத்தால் நிம்மதி என்று நினைத்தோம்.

வந்த ஆள் பார்க்க அவ்வளவு ஒழுங்கு. கையில் டூல்ஸ் பை. துணியை விரித்து அதன் மேல் ஆம்பை வைத்தான். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய எடை. "கனத்தைப் பாருங்க அண்ணே, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் நிஜம்" என்றான். அது உண்மைதான், டிரான்ஸ்ஃபார்மர் நிஜமாகவே இருந்தது. கேபிள்களை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் பேப்பர் ஒட்டி, இது இடது, இது வலது என்று எழுதினான். இப்படிப்பட்ட ஒருவரைத்தானே தேடினோம் என்று தோன்றியது. அண்ணே என்று நானும் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

போட்டதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஹம் வந்தது. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது எர்த் லூப் அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லி கட்டிங் பிளேயரை எடுத்து, ஆம்பின் பவர் ப்ளக்கில் நீளமாக இருந்த எர்த் பின்னை நறுக்கென்று வெட்டினான். மறுபடி மாட்டினான். ஹம் சுத்தமாக நின்றது. நாங்கள் நான்கு பேரும் கைதட்டினோம். நான் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். எட்டு மாதச் சேமிப்பையும் அந்த நிமிஷத்தில்தான் எண்ணிக் கொடுத்தேன். அதுவரை பாதிப் பணம் இப்போது, பாதி ஒரு வாரம் கழித்து என்று பேசலாமா என்று மனதில் ஒரு யோசனை இருந்தது. ஹம் நின்றதும் அதையும் விட்டுவிட்டேன்.

எர்த் லூப் என்று அவன் சொன்னது பொய் இல்லை. மிக்சருக்கும் ஆம்புக்கும் தனித்தனியாக எர்த் போய், சிக்னல் கேபிளின் ஷீல்டும் (உள் கம்பியைச் சுற்றிய உலோக உறை) இரண்டையும் சேர்க்கும்போது ஒரு வளையம் உருவாகும். அதில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் ஹம்மாகக் கேட்கும். வளையத்தை உடைத்தால் ஹம் நிற்கும், சரி. ஆனால் உடைக்க வேண்டியது சிக்னல் பக்கத்தில். எக்ஸ்எல்ஆர் வகை பேலன்ஸ்டு கேபிள் (சிக்னலை இரண்டு கம்பியில் அனுப்பி இடைச்சத்தத்தைக் கழிப்பது) போடலாம், இரண்டு கருவிக்கும் ஒரே பவர் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், அதிலும் போகவில்லை என்றால் சிக்னல் வழியில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (சிக்னலைக் கடத்தி, ஒயர் தொடர்பை மட்டும் துண்டிப்பது) வைக்கலாம். எர்த் பின்னை வெட்டினால் ஹம்மோடு சேர்ந்து உயிர்க்காப்பும் போய்விடும். உள்ளே ஒரு லைவ் ஒயர் அறுந்து இரும்பு உடம்பில் பட்டால், அந்த மின்சாரத்தை இழுத்துக்கொண்டு போய் ஃபியூஸை எரிய வைப்பதே எர்த்தின் வேலை. அது இல்லையென்றால் ஆம்பின் உடம்பே லைவ் ஆகி, அடுத்துத் தொடுகிற ஆளுக்காகக் காத்திருக்கும். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஒரு நாள், ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் கேபிளை மாற்றுவதற்காகக் கழற்றினேன். ஆம்பின் மேல் வைத்திருந்த கை சுருக்கென்றது. ஏதோ ஸ்டாட்டிக் என்று விட்டுவிட்டேன். அன்று வரை அந்த ஆம்புக்கு எர்த்தாக இருந்தது, மிக்சரிலிருந்து வந்த கேபிளின் மெல்லிய ஷீல்டு மட்டும்தான். நான் கழற்றியதும் அதுவும் போயிருக்கிறது. எங்கள் பாடகி தரையில் வெறுங்காலோடு நின்று பாடுகிறவள். இதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அப்புறம் பிரிட்ஜ். "ஃபுல் பஞ்ச் கிடைக்கும்" என்று சொல்லி, பின்னால் இருந்த சுவிட்சை பிரிட்ஜுக்குத் தள்ளி, எங்கள் 8 ஓம் பெட்டிகள் இரண்டையும் பேரலலாக (ஒரே முனைகளில் பக்கம் பக்கமாக) இணைத்து அதில் மாட்டினான். இரண்டு 8 ஓம் பேரலலில் 4 ஓம். பிரிட்ஜில் ஓடும்போது ஒவ்வொரு சேனலின் தலையிலும் விழுவது அதில் பாதி, அதாவது 2 ஓம் சுமை. ஓம் குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். அந்த ஆம்ப் ஒரு சேனலுக்கு 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாதது. பின்பக்கத்தில் அச்சடித்தே இருந்தது, பிரிட்ஜ் குறைந்தபட்சம் 8 ஓம் என்று. அவன் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மர அலமாரிக்குள் தள்ளிவிட்டான். பின்னால் நான்கு விரல் இடம்கூட இல்லை. முன்னால் கதவு. ஃபேன் எந்தக் காற்றை இழுத்து எங்கே தள்ளும்? "அழகா இருக்கு பாருங்க" என்றான். அழகாகத்தான் இருந்தது.

பத்து நிமிஷம் சத்தமாக ஓட்டிக் காட்டினான். ஒரு குறையும் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பத்து நிமிஷம் நன்றாக ஓடிய ஆம்ப் நல்ல ஆம்ப் என்று அர்த்தம் இல்லை. சூடு ஏற நேரம் எடுக்கும்.

ஐந்தாவது வாரம், பயிற்சி தொடங்கி நாற்பது நிமிஷம் இருக்கும். "டப்" என்று ஒரு சத்தம். சப்வூஃபரின் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) முன்னால் தள்ளி அப்படியே நின்றுவிட்டது. அதிரவில்லை, திரும்பவும் இல்லை. இரண்டு மூன்று நொடியில் வாடை, அப்புறம் புகை. ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினோம். ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

தெரிந்த ஒரு பெரியவர், பல வருஷமாக ஆம்ப் சர்வீஸ் செய்கிறவர், வந்து திறந்தார். முதலில் உள்ளே இருந்த, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்தார். அப்புறம் எங்களைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், எரிந்துபோன பழைய ஃபியூஸின் மேல் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. ஸ்பீக்கரைக் காப்பாற்ற வேண்டிய ரிலேயின் (கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்) கால்களுக்கு நடுவில் ஒரு கம்பி சால்டர் செய்திருந்தது. ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஒரே வரிசையில் இரண்டு விதம், பாதி பழையது, பாதி மாற்றியது. "முன்னாடியே ஒருமுறை எரிஞ்ச ஆம்ப் தம்பி. ரிலே பிடிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கும். ஏன்னு பாக்காம அதோட வாயைக் கட்டிட்டாங்க" என்றார்.

எர்த், ஃபியூஸ், ரிலே. ஒவ்வொன்றும் ஏதோ தப்பு என்று கத்துவதற்காக வைக்கப்பட்டவை. மூன்றையும் ஒவ்வொன்றாக வாயடைத்துவிட்டுத்தான் எங்களுக்கு "நல்லா ஓடுது" என்று விற்றிருக்கிறான். அதில் ஒன்றை என் கண் முன்னாலேயே செய்தான்.

டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ஆம்பின் உள்ளே இருக்கும் டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். இந்த ஆம்பில் அது சுமார் 90 வோல்ட். கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் டிசி தடை சுமார் 6 ஓம். கணக்குப் போட்டால் 1300 வாட்ஸுக்கு மேல், அத்தனையும் வெறும் சூடு. காயில் அசையாமல் நிற்பதால் காற்றுகூட படாது. கோன் முன்னால் தள்ளி நின்றது அந்த டிசியால்தான்.

4000 வாட்ஸ் ஸ்டிக்கரை அவர் நகத்தால் உரித்தார். அடியில் கம்பெனி அச்சு: 8 ஓமில் சேனலுக்கு 400, 4 ஓமில் 600, பிரிட்ஜில் 8 ஓமுக்கு 1200. பீக் (ஒரு கணத்து உச்சம்) கணக்கு என்று இரட்டித்தாலும் 2400தான் வரும். 4000 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல இன்று யாரும் இல்லை.

விற்றவனுக்குப் போன் செய்தேன். முதல் தடவை, "வெளியில இருக்கேன், சாயங்காலம் கூப்பிடறேன் அண்ணே." கூப்பிடவில்லை. இரண்டாவது தடவை, "நீங்க ஓவர்லோடு பண்ணியிருப்பீங்க." மாட்டியது நீதானே என்றேன். "மாட்டினது நான், ஓட்டினது நீங்கதானே." அண்ணே காணாமல் போயிருந்தது. கம்பி சுற்றிய ஃபியூஸை போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் ஒரே வரி: "ஒரு மாசம் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. பெட்டியைத் திறந்துட்டீங்க, இனி உத்தரவாதம் கிடையாது." அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். சிரமத்திற்கு வருந்துகிறோம் என்று முதல் பதில். எல்லாப் படங்களையும் இணைத்து மறுபடி எழுதினேன். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பது மட்டுமே எங்கள் பணி, நேரில் கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டாவது பதில். மூன்றாவதாக எழுதுவதற்குள் புகார் தீர்க்கப்பட்டது என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்த்தார்கள்? எட்டு மாதச் சேமிப்பு போனது போனதாகவே இருக்கிறது. அவன் விளம்பரமும் அப்படியே இருக்கிறது. இன்று காலையில் பார்த்தேன், அதே வரிகளோடு வேறொரு ஆம்ப்.

பாதுகாப்பாகப் பொருத்துவது பற்றி விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். உட்கார்ந்து எழுதும் பொறுமை இப்போது இல்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன்.

பணம் கொடுக்கும் முன் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்து, சிக்னல் எதுவும் கொடுக்காமல் ஆம்பைப் போட்டு, அவுட்புட்டின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டரால் டிசி பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஃபியூஸ் ஹோல்டரைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்டேஜ், ஆம்பியர் அளவு, குறைந்தபட்ச ஓம் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். எடையை மட்டும் நம்பாதீர்கள். எங்களுடையது கனமாக இருந்தும் ஏமாந்தோம். ஸ்விட்சிங் பவர் சப்ளை (கனமான டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படாத வகை) உள்ள நல்ல ஆம்புகள் லேசாகவே இருக்கும்.

பிரிட்ஜ் வேண்டுமா என்று யாராவது கேட்டால், ஓம் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்கு கிட்டார் கேபிள் வேண்டாம், அதன் உள் கம்பி மெல்லியது, சூடாகும். ஓடும்போது அவுட்புட் முனைகளைத் தொடாதீர்கள். 8 ஓமில் 400 வாட்ஸ் என்றாலே அங்கே 56 வோல்ட் இருக்கும். போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். கிளிப் விளக்கு (ஆம்ப் தன் எல்லையைத் தாண்டுவதைக் காட்டுவது) சிவப்பாகவே நின்றால் ஒலியைக் குறையுங்கள். காற்று வரவும் போகவும் முன்னும் பின்னும் இடம் விடுங்கள், கதவு போட்ட அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

தொட்டால் சுருக்கென்றால் ஸ்டாட்டிக் என்று விடாதீர்கள். உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். எர்த் பின்னை வெட்ட யார் பிளேயரை எடுத்தாலும் கையைப் பிடித்துத் தடுங்கள். பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். கம்பி சுற்றிய அந்த ஃபியூஸின் படத்தையும் வெட்டிய ப்ளக்கின் படத்தையும் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.