ஹலப் சோப்பு: மூன்று கட்டி, அதில் ஒன்று ஈரம்

நுரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கியவர்கள் திட்டுவது அதற்காகத்தான். சிரியாவின் அலெப்போ நகரத்துச் சோப்பு இது, பொங்கிப் பொங்கி நுரைக்காது. கையில் நாலு தடவை உருட்டினால் வழவழவென்று பால் மாதிரி வரும், அவ்வளவுதான். பூ வாசனையும் கிடையாது. பிரிஞ்சி இலை டப்பாவுக்குள் மூக்கை விட்டது போல இருக்கும், கூடவே லேசாகப் புகை நெடி. "இது துணி துவைக்கிற சோப்புதானே?" என்று முதல் நாள் கேட்ட என் மனைவி, இரண்டு வாரமாக இதைத்தான் தேய்த்துக் குளிக்கிறாள். எனக்கு முழங்கையில் இருந்த வறட்சி நன்றாகக் குறைந்திருக்கிறது. தலைக்கு மட்டும் போடாதீர்கள், முடி கயிறாகிவிடும்.

ஆலிவ் எண்ணெய், லாரல் என்ற வாசனை மரத்தின் காய் எண்ணெய், சோப்புக் காரம், தண்ணீர். சரக்கு இவ்வளவுதான். லாரல் எண்ணெய் விலை கூடியது என்பதால் அதன் சதவீதத்தை வைத்தே தரம் பேசுவார்கள். நான் வாங்கியது 20 சதவீதம். லாரலுக்கு அரபியில் கார், ஊருக்கு ஹலப் என்று பெயர். அலெப்போ என்பது நாம் சொல்வது.

நான் நூல் மில் இயந்திரம் பூட்டும் ஃபிட்டர். 2010 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் அலெப்போவின் ஷேக் நஜ்ஜார் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் மில் சூப்பர்வைசர் என்னைப் பழைய நகரத்தில் பாப் கின்னஸ்ரீன் பக்கம் ஒரு சோப்புப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். புது ஆலிவ் எண்ணெய் வரும் குளிர்காலத்தில்தான் சோப்பு காய்ச்சுவார்கள். கொப்பரையில் மூன்று நாள் வேகும். வெந்த பச்சைக் கூழைத் தரை முழுக்கக் கொட்டி, காலில் பலகை கட்டிக்கொண்டு நடந்து சமன் செய்கிறார்கள். இறுகியதும் பல் வைத்த ஒரு கட்டைமேல் ஒருவர் பாரத்துக்கு ஏறி நிற்க, மற்றவர்கள் இழுக்கிறார்கள். பரம்படிப்பது போலத்தான், ஆனால் நேர்க்கோடு விழுகிறது. அப்புறம் ஒவ்வொரு கட்டியிலும் முத்திரை. கடைசியில் காற்று புகுந்து வரும்படி இடைவெளி விட்டு, ஆள் உயரத்துக்குக் கோபுரமாக அடுக்கி, ஆறு மாதமோ ஒன்பது மாதமோ அப்படியே விட்டுவிடுவார்கள். வெளிப்பக்கம் பொன்னிறமாகும், உள்ளே பச்சை நிற்கும். "அக்டோபரில் வா, இந்த ஈடு தயாராக இருக்கும்" என்றார் பட்டறைக்காரர்.

அந்த ஈடு காய்ந்துகொண்டிருந்தபோதுதான் தெற்கே தெராவில் பிரச்சினை வெடித்தது. சுவரில் ஆட்சிக்கு எதிராக எழுதிய பள்ளிப் பையன்களைப் பிடித்து வதைத்திருந்தார்கள். 2011 மார்ச்சில் ஊர் தெருவுக்கு வந்தது, அரசுப் படையினர் சுட்டார்கள். செத்தவர்களைத் தூக்கிப் போன ஊர்வலமே அடுத்த ஆர்ப்பாட்டமானது, அதிலும் சுட்டார்கள். ஹோம்ஸ், ஹமா என்று பரவியது. படையிலிருந்து விலகி வந்த அதிகாரிகள் ஜூலையில் 'சுதந்திர சிரிய ராணுவம்' என்று அறிவித்தார்கள். அக்டோபரில் சோப்பு தயாரானபோது, வெறுங்கையோடு கோஷம் போட்ட ஊர்களில் துப்பாக்கி வந்திருந்தது. அலெப்போ வியாபார ஊர். பல்கலைக்கழக மாணவர்கள் போன்ற சிலரைத் தவிரப் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தது. சூப்பர்வைசரும் ஃபோனில் "இங்கே அப்படி நடக்காது" என்பார். நம்பிச் சொன்னாரா, ஃபோனை யாராவது கேட்பார்கள் என்று சொன்னாரா, எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த குளிர்காலத்து ஈடு அடுக்கில் இருந்தபோது, 2012 ஜூலை 15 அன்று, இதை உள்நாட்டுப் போர் என்று செஞ்சிலுவைச் சங்கம் அறிவித்தது. நான்கே நாளில் சண்டை அலெப்போவுக்குள் வந்தது. நகரத்தின் கிழக்கு கிளர்ச்சியாளர் கையில், மேற்கு அரசு கையில், இடையில் பழைய நகரம். செப்டம்பர் கடைசியில் பழைய சந்தை எரிந்தது. அடுத்த ஏப்ரலில் உமையா மசூதியின் மினாரா விழுந்தது. 2016 டிசம்பர் வரை இப்படியே நான்கரை ஆண்டு. ஒரு கோபுரம் ஒன்பது மாதம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டிய தொழில் அங்கே எப்படி நடக்கும்? சோப்புக்காரர்கள் பலர் கிடைத்ததை எடுத்துக்கொண்டு துருக்கிக்குப் போய் அடுப்பு மூட்டினார்கள். சூப்பர்வைசரின் நம்பர் 2013-க்குப் பிறகு போகவில்லை. அலெப்போவுக்கு வடமேற்கே, ஆலிவ் நிறைய விளையும் அஃப்ரீனுக்குள் 2018-ல் துருக்கிப் படை நுழைந்தது. அந்தப் படையெடுப்புக்கு வைத்த பெயர், சமாதானத்தின் அடையாளமான 'ஆலிவ் கிளை'. பெயர் வைத்தவரின் வாயைக் கழுவ ஒரு கட்டி அனுப்பலாம்.

சரி, என் பொட்டலத்துக்கு வருகிறேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'அலெப்போ'. பின்பக்கம் பொடி எழுத்தில் 'தயாரிப்பு: துருக்கி'. இதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். கைப்பக்குவம் ஊர்க்காரர்களோடு போய்விட்டது, பெயரும் கூடவே போகும். ஆனால் அதை முன்பக்கமே சொல்லலாமே, மறைப்பதற்கு என்ன இருக்கிறது? விற்பவரிடம் கேட்டு எழுதினேன். 'எங்கள் பொருள் தரமானது' என்று ஒரு வரி பதில் வந்தது. போருக்குப் பிறகு சிலர் அலெப்போவுக்கே திரும்பிவிட்டார்கள். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் யுனெஸ்கோ இந்தக் கைத்தொழிலைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே வாரக் கடைசியில் சிரிய அதிபர் அசாத் நாட்டைவிட்டு ஓடினார். அங்கேயே காய்ச்சி அங்கேயே காய்ந்த கட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இன்னொரு குறை. ஒரு கட்டியைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். பச்சை நன்றாக இருக்கிறது, கலப்படம் என்று தோன்றவில்லை. ஆனால் மேலே பொன்னிறம் மெல்லிய தோலாகத்தான் இருக்கிறது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. ஒன்பது மாதம் காய்ந்த சோப்பு இப்படி இருக்காது. அதை ஈரத் தட்டில் வைத்தேன், ஒரே வாரத்தில் களியாகிவிட்டது. எண்ணெய்க்கும் தோலுக்குச் செய்யும் நன்மைக்கும் ஐந்துக்கு நான்கு, காய்ந்த பக்குவத்துக்கு இரண்டு.

மீதி இரண்டு கட்டிகளையும் உறை பிரித்து, பீரோ மேல் இடைவெளி விட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். அக்டோபரில்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.