உலக வங்கியின் பிஐபி தளம்: அடித்தட்டைக் காட்டும், உச்சியைக் காட்டாது

எந்த நாட்டில் வருமானம் யாரிடம் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் உலக வங்கியின் ‘வறுமை மற்றும் ஏற்றத்தாழ்வுத் தளம்’. சுருக்கமாக பிஐபி. உலக வங்கியின் பழைய வறுமைத் தரவுத் தளமான பொவ்கால்நெட்டுக்குப் பதிலாக 2022-இல் வந்தது. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சுமார் 170 நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்புகள் உள்ளே இருக்கின்றன. ஏழைகளின் நிலையை அறிய இதைவிட நல்ல பொதுக் கருவி இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் இதிலிருந்து இரண்டு நாடுகளின் கினி எண்ணை (ஏற்றத்தாழ்வின் அளவு: 0 என்றால் எல்லோருக்கும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடம்) எடுத்து, எது சமத்துவமான நாடு என்று தீர்ப்பு எழுதுவது ஆபத்தானது. ஏன் ஆபத்து என்பதற்கான தகவல் தளத்திலேயே இருக்கிறது. அது கண்ணில் படுகிற இடத்தில் இல்லை என்பதுதான் பெரிய குறை.

பயன்படுத்துவது எளிது. நாட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாளைக்கு ஒருவருக்கு இத்தனை டாலர் என்று வறுமைக் கோட்டைக் கொடுத்தால் போதும். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் விகிதம், அவர்கள் கோட்டிலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்கிறார்கள் என்பது, சராசரி, இடைநிலை, கினி, மக்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை பத்தாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் கிடைக்கும் பங்கு எல்லாம் வந்துவிடும். பலரும் நேராகக் கினிக்குப் போகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பத்துப் பிரிவுகளின் பங்கைத்தான். நாட்டின் சராசரி நாளுக்கு 12 டாலர், அடிமட்டப் பத்து சதவீதத்தினரின் பங்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 0.03-ஆல் பெருக்கி, மறுபடி 10-ஆல் பெருக்கினால் 3.60 டாலர். அந்தப் பிரிவில் இருப்பவரின் சராசரி அதுதான். உச்சிப் பத்து சதவீதத்தினரின் பங்கு 30 என்றால் அவர்களுக்கு 36 டாலர். ஒற்றைக் கினி எண் இதைச் சொல்லவே சொல்லாது. மிக வேறுபட்ட இரண்டு பகிர்வுகளுக்கும் ஒரே கினி வரலாம்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நிரல் வழியாகவே தரவைக் கேட்டு வாங்கும் ஏபிஐ உண்டு. ஸ்டாட்டா, ஆர் என்ற இரண்டு புள்ளியியல் மென்பொருள்களுக்கும் ஆயத்தக் கட்டளைகள் இருக்கின்றன. அதில் ‘பாப்ஷேர்’ என்ற விருப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாகக் கோட்டைக் கொடுத்து விகிதத்தைக் கேட்கிறோம். இது தலைகீழ்: 0.9 என்று கொடுத்தால், மக்களில் 90 சதவீதத்தினர் எந்தத் தொகைக்குக் கீழே வாழ்கிறார்கள் என்று சொல்லும்.

இனி, எங்கே தவறு நடக்கிறது என்று பார்ப்போம். சில நாடுகள் குடும்பத்தின் வருமானத்தைக் கேட்கின்றன, சில நாடுகள் செலவைக் கேட்கின்றன. லத்தீன் அமெரிக்காவிலும் பணக்கார நாடுகளிலும் பெரும்பாலும் வருமானம். தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலும் நுகர்வு. வசதியுள்ளவர் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமிக்கிறார், அது நுகர்வுக் கணக்கில் வராது. இல்லாதவர் கடன் வாங்கியாவது சாப்பிடுகிறார், அது கணக்கில் வந்துவிடும். அதனால் ஒரே நாட்டை அளந்தாலும் நுகர்வுக் கினி பொதுவாக வருமானக் கினியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். போலந்து போன்ற சில நாடுகளுக்குத் தளத்தில் இரண்டு வகையும் உண்டு, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காததன் விளைவு 2025-இல் தெரிந்தது. பிஐபியில் இந்தியாவின் 2022-23 கினி 25.5. ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ் நாடுகளுக்கு அடுத்து உலகில் நான்காவது சமத்துவமான நாடு இந்தியா என்று அரசின் செய்திக் குறிப்பு வெளியானது. ஸ்லோவாக்கியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் இருப்பது வருமானக் கினி. இந்தியாவுக்கு இருப்பது நுகர்வுக் கினி. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தவே கூடாது. உலக வங்கியே இந்தியா பற்றிய தன் குறிப்பில், வருமானத்தை வைத்து உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் கணக்கிட்ட கினி 2004-இல் 52, 2023-இல் 62 என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. 2011-12-இன் 28.8-உடன் 25.5-ஐ ஒப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையில் கேள்வித்தாளும் மாதிரி எடுத்த விதமும் மாறியிருக்கின்றன. கேட்கும் விதம் மாறினால் பதிலும் மாறும்.

அடுத்தது டாலரின் ஆண்டு. இங்கே டாலர் என்பது நாணயச் சந்தை விலை கிடையாது. நாட்டுக்கு நாடு விலைவாசி வேறுபடுவதை ஈடுசெய்து, வாங்கும் திறன் சமநிலைப்படி திருத்திய டாலர். 2025 ஜூனில் அடிப்படை 2017-இலிருந்து 2021-க்கு மாறியது, கடும் வறுமைக் கோடு 2.15-இலிருந்து 3.00 டாலர் ஆனது. அதோடு உலகில் 2022-ஆம் ஆண்டில் கடும் வறுமையில் இருந்தவர்களின் எண்ணிக்கை 71.3 கோடியிலிருந்து 83.8 கோடியானது. யாரும் ஒரே இரவில் ஏழையாகவில்லை. உலகக் கோட்டுக்கு அடிப்படையான ஏழை நாடுகளின் தேசியக் கோடுகள் திருத்தப்பட்டதுதான் முக்கியக் காரணம். பழைய தரவுக் கோப்பையும் புதிய தரவுக் கோப்பையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தால் இல்லாத பேரழிவு ஒன்று படத்தில் தெரியும்.

உச்சியில் இருப்பவர்களைப் பற்றி பிஐபியிடம் கேட்கவே வேண்டாம். பெரும் பணக்காரர்கள் கணக்கெடுப்பாளருக்குக் கதவைத் திறப்பது அபூர்வம். திறந்தாலும் முதலீட்டு வருமானத்தை முழுதாகச் சொல்வதில்லை. அதற்குத்தான் மேலே சொன்ன உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம், டபிள்யூஐடி. பொருளாதார அறிஞர்கள் பிக்கெட்டி, சயேஸ், ஜுக்மன் குழுவினர் வரித் தரவு, கணக்கெடுப்பு, தேசியக் கணக்கு மூன்றையும் சேர்த்து, மொத்தத் தேசிய வருமானமும் யாரோ ஒருவர் கையில் போய்ச் சேரும்படி பங்கிடுகிறார்கள். இந்தியாவில் உச்சி ஒரு சதவீதத்தினரின் பங்கு 2022-23-இல் 22.6 சதவீதம் என்பது அவர்கள் கணக்கு. கோப்பில் ‘பி99பி100’ என்றால் அந்த உச்சி ஒரு சதவீதம், ‘பி0பி50’ என்றால் கீழ்ப்பாதி. திரையில் முதலில் வருவது வரிக்கு முந்தைய வருமானம். வரியும் உதவித்தொகையும் எவ்வளவு சமன் செய்கின்றன என்று பார்க்க வரிக்குப் பிந்தைய தொடரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரித் தரவே வெளியாகாத நாடுகளுக்கு இவர்கள் தருவது பெரும்பாலும் மதிப்பீடு. வளைவு வழவழப்பாக இருப்பதால் துல்லியமானது என்று நினைத்துவிடக்கூடாது.

இரண்டு தளத்து எண்களையும் கலக்காதீர்கள். இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டின் வருமானம் நாளுக்கு 40 டாலர் என்றால், பிஐபி நால்வருக்கும் தலா 10 என்று எழுதும். டபிள்யூஐடி குழந்தைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களுக்குத் தலா 20 என்று எழுதும். லக்சம்பர்க் வருமான ஆய்வான எல்ஐஎஸ் உறுப்பினர் எண்ணிக்கையான நான்கின் வர்க்கமூலமான 2-ஆல் வகுத்து, நால்வருக்கும் 20 என்று எழுதும். வீடு ஒன்றுதான். பணக்கார, நடுத்தர நாடுகளின் வருமானத்தை ஒரே அளவுகோலில் ஒப்பிட எல்ஐஎஸ்தான் மிக நேர்த்தியானது. ஆனால் பதிவு செய்து, நிரலை அனுப்பி, விடை வரக் காத்திருக்க வேண்டும்.

பிஐபியில் இன்னும் சில பொறிகள். ஏபிஐ கினியை 0.255 என்று தரும். உலக வங்கியின் வேறு அட்டவணைகள் 25.5 என்று தரும். அர்ஜென்டினாவின் எண்கள் நகர்ப்புறத்துக்கு மட்டும். கணக்கெடுப்பு நடக்காத ஆண்டுகளை நிரப்பச் சொன்னால், கடைசிக் கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆண்டுகளில் வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் போனதாக வைத்துக்கொண்டுதான் தளம் கணக்கிடுகிறது. அந்த ஆண்டுகளை வைத்து ஏற்றத்தாழ்வு மாறவில்லை என்று முடிவுகட்டுவது, நாமே போட்ட அனுமானத்தைத் திருப்பிப் படிப்பது. பழைய ஆண்டுகளின் எண்களும் ஒவ்வொரு வெளியீட்டிலும் திருத்தப்படுகின்றன. அதனால் தரவிறக்கும்போது வெளியீட்டுத் தேதி, டாலரின் அடிப்படை ஆண்டு, வருமானமா நுகர்வா என்ற மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.