டர்பனில் டைம்லாப்ஸ்: விற்றதும் வைத்துக்கொண்டதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டைம்லாப்ஸ் எடுக்கிறேன்: இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து, வேகமாக ஓடும் வீடியோவாக்குவது. கேமராவைத் தண்டவாளத்தில் மெல்ல நகர்த்தும் மோட்டார் ஸ்லைடரை விற்றுவிட்டேன். சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகும் பையில் தங்கியிருப்பவை இவ்வளவுதான்: கனமான முக்காலி, அதன் நடுக்கம்பில் தொங்கவிட ஒரு மணல்பை, பவர் பேங்க், லென்ஸைச் சுற்றிக் கட்டும் வெப்பப் பட்டை, ஒளியைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர். கேமரா, சோனி ஆல்ஃபா 6400. 2019இல் வந்த மாடல். குறித்த இடைவெளியில் தானாகவே படமெடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது.

ஸ்லைடர் நல்ல பொருள்தான். ஆனால் சுவாரஸ்யமில்லாத காட்சியை அது சுவாரஸ்யமாக்கித் தராது. காட்சிக்குள் ஏதாவது ஒன்று தொடங்கி முடிய வேண்டும். அது இல்லாமல் மேகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பார்ப்பவரின் விரல் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடும். இது என் கட்சி. மேகத்தை மட்டுமே எடுக்கும் நண்பர்கள் மன்னிக்கவும்.

டர்பனில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியைச் சொல்கிறேன். உம்ஷ்லாங்கா கடற்கரை நடைபாதையில், 1954இல் கட்டப்பட்ட சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்துக்கு அருகே நின்று கடலைப் பார்த்தால், துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை நங்கூரமிட்டுக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் தெரியும். வெறும் கண்ணுக்கு அவை அசையவே அசையாது. இந்தக் கடற்கரையில் வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் மாறி மாறி வீசும். நங்கூரச் சங்கிலி முன்பக்கத்தில் இருப்பதால், காற்று திசை மாறும்போது கப்பலும் மெல்லத் திரும்பும். பத்து விநாடிக்கு ஒரு படம் என்று வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் 360 படங்களாகிறது; விநாடிக்கு 25 படங்கள் என ஓட்டினால் சுமார் 14 விநாடி. அந்தப் பதினான்கு விநாடிக்குள் கடலில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல முகத்தைத் திருப்புகின்றன. முதலில் சுமை இல்லாமல் உயர்ந்து மிதக்கும் கப்பல் திரும்பும். சரக்கு நிரம்பி நீரில் அமிழ்ந்திருப்பது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். கடல் மேற்பரப்பில் காற்றின் கருமை தெற்கிலிருந்து படர்ந்து வருவதும் தெரிகிறது. டர்பன் துறைமுகத்தில் கப்பல் வழிகாட்டிகளை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்குவார்கள். அது ஏதோ ஒரு படத்தில் மட்டும் கொசுவைப் போல வந்து காணாமல் போகும். அதை அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள்.

இந்தக் காட்சிக்கு வானிலை முன்னறிவிப்பு பார்த்துத்தான் போகிறேன். தென்மேற்குக் காற்று எப்போது வருகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்பாகவே முக்காலியை நிறுத்திவிட வேண்டும். அந்தக் காற்று வந்தால் சும்மா வராது. மணல்பையின் அருமை அப்போது தெரியும். கேமரா ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் வேகமாக ஓட்டும்போது நடுக்கமாகத் தெரிந்துவிடும். லென்ஸிலோ கேமரா உடலிலோ அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். முக்காலியில் அது இல்லாத அசைவைத் தேடிப் படத்தை நகர்த்தும்.

இடைவெளிக்கு எல்லோரும் ஓர் அட்டவணை கேட்கிறார்கள். பொருளின் வேகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மக்கள் நடமாட்டத்துக்கு 1 விநாடி, விரைந்து ஓடும் மேகத்துக்கு 2 அல்லது 3, சூரிய அஸ்தமனத்துக்கு 5. சந்தேகம் வந்தால் குறைந்த இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள். அதிகப் படங்களைப் பிறகு நீக்கலாம், எடுக்காத படத்தை எங்கிருந்து கொண்டுவருவது? இந்தக் கேமராவில் இடைவெளியை 60 விநாடிவரைதான் வைக்க முடியும் என்பதால் விதை முளைப்பது, பூ மலர்வது போன்றவற்றுக்குத் தனி டைமர் ரிமோட் வேண்டியிருக்கிறது.

ஷட்டர் நேரம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி உள்ளே விழும் நேரம், இடைவெளியில் பாதியளவுக்கு இருந்தால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். பட்டப்பகலில் அது எளிதல்ல. அங்கேதான் என்டி ஃபில்டர்: 6 ஸ்டாப் ஃபில்டர் 64 பங்கில் ஒரு பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடும், 1/250 விநாடி கிட்டத்தட்ட 1/4 விநாடியாக நீளும். பாதியை எட்டாவிட்டாலும் வெட்டி வெட்டி ஓடும் கார்களின் கூர்மை மழுங்கிவிடும். வெள்ளைச் சமநிலையையும் (படத்தின் நிறத்தொனியைத் தீர்மானிப்பது) ஃபோகஸையும் கைமுறையில் பூட்டிவிடுவது அடிப்படை. வீடியோவில் ஒளி மினுக்மினுக்கென்று துடித்தால், பெரும்பாலும் காரணம் லென்ஸில் ஒளி புகும் துளை ஒவ்வொரு படத்துக்கும் மயிரிழை வித்தியாசத்தில் மூடுவதுதான். துளையை முழுதாகத் திறந்து எடுத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து படமெடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். மெரினாவில் கதிரவன் கடலிலிருந்து எழுந்து வலப்பக்கம் சாய்ந்து ஏறும். இங்கே இடப்பக்கம் சாய்ந்து ஏறும், அதுவும் அதிகச் சாய்வில். டர்பன் தெற்கு 30 பாகையை ஒட்டி இருக்கிறது. ஆகவே ஃபிரேமில் இடப்பக்கம் வெற்றிடம் விடுங்கள். பகல் முழுக்க நிழல்கள் எடுப்பதானால் வடக்கு நோக்கி நில்லுங்கள். சூரியன் வலமிருந்து இடமாகப் போகும்.

மின்வெட்டையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் அது தலைவிரித்தாடியபோது எங்கள் அடுக்குமாடி மொட்டை மாடியிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்து எடுத்த காட்சிகள் என்னிடம் உள்ள மிகச் சிறந்தவற்றில் சேரும். அட்டவணைப்படி மின்சாரம் அணைந்ததால் நேரம் முன்பே தெரிந்தது. ஒரே படத்தில் ஒரு வட்டாரமே கருக்கும். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகள் மட்டும் புள்ளிகளாக நிற்கும், அடுத்த வட்டாரம் ஜெகஜ்ஜோதியாக இருக்கும். எரிச்சலான விஷயம், அருமையான படம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; எல்இடி விளக்குகள் நிறைந்த காட்சியில் எலெக்ட்ரானிக் ஷட்டர் கோடு போடும். 1/50 அல்லது 1/100 விநாடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இருட்டிய பிறகு திறந்த வெளியில் முக்காலியோடு தனியாக நிற்பதை இந்த நாட்டில் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காவலாளி உள்ள இடம், இல்லையென்றால் கூட ஓர் ஆள்.

டர்பன் கோயில்களில் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டித் தீமிதி நடக்கும். அதை எடுக்க ஒரு கோயிலில் அனுமதி கேட்டேன். நிர்வாகக் குழுவில் இருந்த தாத்தா ஒருவர், இங்கே பிறந்து வளர்ந்தவர், தமிழைத் தேடித் தேடிப் பேசினார்: "எடுத்துக்கொள் தம்பி. ஆனால் பூ மிதிப்பதை வேகமாகக் காட்டாதே. பயந்து ஓடுகிறார்கள் என்று நினைப்பார்கள்." தொழில்நுட்ப நூல் எதிலும் நான் படிக்காத பாடம் அது. அன்றிலிருந்து மனித நடை, நடனம், காவடி ஆட்டம் எதையும் வேகப்படுத்துவதில்லை. தாளத்தை வெட்டினால் காவடியில் என்ன மிச்சம்?

குண்டம் தயாராவது வேறு. அடுக்கிய கட்டைகள் எரிந்து, சரிந்து, கரியாகி, மூங்கிலால் பரப்பப்பட்டுத் தணலாகிறவரை மணிக்கணக்கில் ஆகிறது. அதுதான் டைம்லாப்ஸுக்கான பொருள். வெள்ளைச் சமநிலையைப் பகல் ஒளிக்கு, சுமார் 5,200 கெல்வினுக்குப் பூட்டினேன். வெயில் தாழத் தாழத் தணலின் சிவப்பு தானே ஏறியது. கேமரா குண்டத்திலிருந்து தள்ளி, உயரத்தில். முதல் பக்தர் கால் வைக்கும் இடத்தில் டைம்லாப்ஸ் நின்று, சாதாரண வேகத்தில் உடுக்கை ஒலியோடு வீடியோ தொடங்கும். அந்த வேக மாற்றத்தில்தான் பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இனி வானம். பால்வீதியின் மையம் வானில் தெற்கு 29 பாகையில் இருப்பதால் டர்பனிலும் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரிலும் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே வரும். ஜூன், ஜூலை நள்ளிரவில் அதை எடுத்தால் மலை ஃபிரேமுக்குள் வராது. நான் செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கிறேன். முன்னிரவில் உயரத்தில் இருக்கும் மையம் நள்ளிரவு தாண்டும்வரை தென்மேற்கில் இறங்கும்; டர்பன் இருக்கும் நேட்டால் பக்க அடிவாரத்திலிருந்து பார்த்தால் மலைச்சுவர் மேற்கே இருப்பதால் அதன் பின்னால் மறையும். 16 மிமீ லென்ஸ், முழுத் துளை, 20 விநாடி ஒளியேற்றம், 23 விநாடி இடைவெளி. நீண்ட ஒளியேற்ற இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா அதே அளவு நேரம் இருட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும், நட்சத்திரங்கள் தாவும். பனித்துளிக்கு வெப்பப் பட்டை, குளிரில் சோரும் பேட்டரிக்கு பவர் பேங்க். ஒரு இரவு, ரா எனப்படும் மூலக் கோப்புகளில் இருபது ஜிபிக்கு மேல் போகும்.

கைபேசியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐபோனின் டைம்லாப்ஸ், பதிவு நீள நீளத் தானாகவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகும். அரை மணி எடுத்தாலும் பல மணி நேரம் எடுத்தாலும் கையில் கிடைப்பது அரை நிமிடத்தை ஒட்டித்தான். கடற்கரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதற்கு அது போதும். கப்பல் திரும்புவதற்குப் போதாது.

தொகுப்பில் நான் செய்வது குறைவு. படங்கள் 6,000 பிக்சல் அகலம், 4கே வீடியோ 3,840. நடுவில் கிடைக்கும் இடத்தில் ஃபிரேமை மெல்ல நகர்த்திவிடலாம். ஸ்லைடரை விற்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு காட்சி பத்து விநாடியைத் தாண்ட வேண்டுமென்றால் அந்தப் பத்தாவது விநாடியில் ஏதாவது நடக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பியானோ இசையைப் போடுவதை நிறுத்திவிட்டேன். படமெடுக்கும்போதே கைபேசியில் அங்குள்ள ஒலியைச் சில நிமிடம் பதிவு செய்கிறேன்: அலை, கப்பலின் சங்கு, மின்வெட்டு இரவில் தெரு முழுக்க ஜெனரேட்டர்கள். அதை வேகப்படுத்தாமல், இயல்பான வேகத்திலேயே படத்தின் கீழே ஓட விடுகிறேன்.