எஃப்எஸ்எஸ் வடிவமைக்க ஹெச்எஃப்எஸ்எஸ்: ஒரு செல்லில் கெட்டி, வளைவில் கைவிரிப்பு

12 ஜிகாஹெர்ட்ஸை ஊடே விட்டு, 30-ஐ மட்டும் திருப்பி அனுப்பும் சப்-ரிஃப்ளெக்டர் (ஆன்டெனாவின் துணை எதிரொளிப்பான்) வேண்டும். இப்படி அதிர்வெண் பார்த்துப் பிரிக்கும் பரப்புதான் எஃப்எஸ்எஸ். இதற்கு அன்சிஸின் மின்காந்த சிமுலேஷன் மென்பொருளான ஹெச்எஃப்எஸ்எஸ் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? ஒரு செல்லை (பரப்பு முழுதும் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தின் ஒற்றை அலகை)ப் பொறுத்தவரை, தாராளமாக.

காப்டன் என்ற பிளாஸ்டிக் படலத்தில் செம்பு வளையம் வரைந்தால் போதும். வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய ஓர் அலைநீளம். 30-ல் அது 10 மிமீ. ஆகவே விட்டத்தை 3.2 மிமீயில் தொடங்கலாம். காப்டன் ரெசொனன்ஸை, அதாவது வளையம் ஒத்ததிரும் அதிர்வெண்ணை, கீழே இழுக்கும் என்பதால் பிறகு கொஞ்சம் குறைக்க வேண்டிவரும். செம்புக்குத் தடிமன் கொடுத்து வரையாதீர்கள், மெஷ் (கணக்கிடுவதற்காக மென்பொருள் பிரிக்கும் வலை) வீணாக ஊதிவிடும். தடிமனில்லாத பரப்பாக வைத்து ஃபைனைட் கண்டக்டிவிட்டி (வரம்புள்ள கடத்துதிறன்) கொடுங்கள். தன்னைத்தானே நுணுக்கிக்கொள்ளும் அடாப்டிவ் மெஷ் 30-ல் ஓடட்டும், 12-ல் அல்ல.

பலரும் சறுக்குவது ஃப்ளோகே போர்ட்டில்தான், அதாவது முடிவில்லாமல் அடுக்கிய செல்களுக்கு அலை நுழைந்து வெளியேறும் வாயிலில். 6 மிமீ செல் நேர்க்குத்தாக வரும் அலைக்குச் சரி. ஆனால் 45 டிகிரியில் வரம்பு 5.86 மிமீ, தாண்டினால் கிரேட்டிங் லோப் (வேண்டாத திசையில் போகும் கூடுதல் கற்றை) கிளம்பிவிடும். போர்ட்டில் சேர்க்காத மோடு (அலை பரவும் ஒரு வடிவம்) அங்கேயே ஷார்ட் ஆகித் திரும்பி வந்து, கிராஃபில் முள் முள்ளாக நிற்கும். போர்ட்டை 2 மிமீ நகர்த்திப் பாருங்கள். எதிரொளிப்பின் அளவு மாறினால் மோடு விடுபட்டிருக்கிறது. செல்லை 4 மிமீயாக்கினால் இந்தத் தலைவலியே இல்லை. அடுத்த மோடு மில்லிமீட்டருக்கு 8 டெசிபல் தேயும். போர்ட் 5 மிமீ தள்ளியிருந்தால் 40 டெசிபல் அடங்கிவிடும்.

நேர்க்குத்து கிராஃப் எப்போதும் அழகாகத்தான் வரும், அதை நம்பி ஃபேப்ரிகேஷனுக்கு அனுப்பாதீர்கள். ஸ்கேன் கோணத்தை வேரியபிளாக்கி, டிஇ, டிஎம் என்ற இரண்டு துருவமாக்கலையும் தனித்தனியே ஓட்டுங்கள். சாய்வு கூடக்கூட டிஇ-யின் எதிரொளிப்புப் பட்டை அகலும், டிஎம்-இல் குறுகும். வட்டத் துருவமாக்கலுக்கு ஃபேஸையும் பார்க்க வேண்டும்: இரண்டுக்கும் இடையே 10 டிகிரி விலகினாலே ஆக்ஸியல் ரேஷியோ (வட்டத்திலிருந்து எவ்வளவு விலகல் என்பதன் அளவு) 1.5 டெசிபலுக்கு ஏறிவிடும்.

கைவிரிக்கும் இடம் வேறு. ஃப்ளோகே கணக்கு முடிவில்லாத தட்டையான பரப்புக்கானது. நிஜ சப்-ரிஃப்ளெக்டர் வளைந்தது, விளிம்புள்ளது. கோணவாரியாக எடுத்த எஸ்-பாராமீட்டர் (எவ்வளவு எதிரொளிக்கிறது, எவ்வளவு ஊடுருவுகிறது) அட்டவணையை டிக்ரா நிறுவனத்தின் ரிஃப்ளெக்டர் ஆன்டெனா மென்பொருளான கிராஸ்ப்பில் ஏற்றித்தான் முழு ஆன்டெனாவின் பேட்டர்னைப் பார்க்க வேண்டும். அங்கேயும் வளையங்கள் வளைவில் ஒட்டும்போது இழுபடுவது கணக்கில் வராது, அதற்கு முடிவான விட்டத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் இன்னும் இரண்டு அட்டவணை எடுத்து வையுங்கள்.