மேடைக் காத்தானா, புதுமுகக் காத்தானா?

காத்தவராயன் கூத்தை ஒரு மணிநேரப் படமாக எடுப்போம் என்று முல்லைத்தீவு முள்ளியவளையில் நாங்கள் நாலைந்து பேர் இறங்கியபோது முதல் சண்டையே காத்தான் யார் என்பதில்தான் வந்தது. இருபது வருடமாக மேடையில் காத்தானாக ஆடிவரும் அண்ணைக்கு இப்போது வயது 52. அவரையே கமெராவுக்கு முன்னால் விடுவதா, வடிவான ஒரு பெடியனை நிறுத்திவிட்டு அண்ணையின் குரலை மட்டும் எடுத்துக்கொள்வதா? நான் முதலில் பெடியன் பக்கம் நின்றவன். இப்போது அண்ணை பக்கம். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று எண்ணி வாசிக்க வேண்டாம்.

புதுமுகத்துக்குச் சொல்லும் நியாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: முகம், வயது, சுறுசுறுப்பு. பெரிய சினிமாவில் இவற்றோடு நட்சத்திர மதிப்பும் சேரும். அந்தக் கணக்கு எங்கள் கைக்காசுப் படத்துக்குப் பொருந்தாது, அதைப் பற்றிப் பேசும் அனுபவமும் எனக்கில்லை.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் அதிகம் பேசப்பட்ட உதாரணம் 'மை ஃபெயர் லேடி'. 1956-இல் அந்த இசை நாடகத்தில், நியூயோர்க்கின் பிராட்வே மேடையில், கதாநாயகி எலைசாவாகப் பாடி நடித்தவர் ஜூலி ஆண்ட்ரூஸ். 1964-இல் அது படமானபோது அவரை விட்டுவிட்டு, பேர்பெற்ற நட்சத்திரம் ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்கள். பாட்டுகளில் பெரும்பங்கை மார்னி நிக்ஸன் பின்னணியில் பாடினார். படம் 8 ஆஸ்கார்களை அள்ளியது. ஆனால் ஹெப்பர்னின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட வரவில்லை. அந்த வருடம் சிறந்த நடிகை விருது, 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக, கைவிடப்பட்ட ஆண்ட்ரூஸுக்கே போனது. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு உதவியது அதே படத்தின் இன்னொரு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் சும்மா வாதாடிக்கொண்டிருக்காமல் ஒரு கட்டத்தை இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தோம். காத்தானைக் கொல்ல நிறுத்திய கழுமரத்தில் அவன் ஏறும் கட்டம். அண்ணையின் குரலை நகரத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்தோம். அங்கே எதிரொலி கூடிப்போய், கிணற்றுக்குள் இருந்து பாடியதுபோல வந்தது. திரும்பவும் போய்ப் பதிந்தோம். பெடியன் ஒரு கிழமை அதைக் கேட்டுக் கேட்டு வாயசைப்பைப் பாடமாக்கினான். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் வைத்து எடுத்தோம். ஒரு எழுத்து பிசகவில்லை. எங்களுக்குப் பெரிய சந்தோசம்.

அன்றிரவு மடிக்கணினியில் அதை, கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினோம். ஒருமுறை பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். பிறகு திரையில் பெடியனின் கழுத்தை விரலால் தொட்டுக் காட்டி, "தம்பி, வாய் பாடுது, தொண்டை பாடேல்லையே" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கும் அந்தக் கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அண்ணை மேல் சுருதிக்கு ஏறும்போது கழுத்து நரம்பு விரல்மொத்தத்துக்குப் புடைக்கும். அடியை இழுக்கும்போது வயிறு உள்ளே போகும். அடுத்த அடிக்கு முன்னால் மூக்கால் ஒரு வெட்டு மூச்சு எடுப்பார், தோள் ஒருதரம் குலுங்கும். பத்து மீற்றர் தள்ளி, மணலில் பாய்போட்டு இருந்து பார்க்கிற சனத்துக்கு இதெல்லாம் தெரியாது. கமெரா முகத்துக்குக் கிட்டப் போனதும் இதைத்தவிர வேறொன்றும் தெரியாது. உயிர் போகிற வேளையில் பாடுகிறவனின் கழுத்து அசையாமல் இருந்தால், மிச்சம் எவ்வளவு சரியாக இருந்தும் என்ன?

இனி அந்த மற்றக் கதை. 'மை ஃபெயர் லேடி'யில் எலைசாவைத்தான் மாற்றினார்கள். பேராசிரியர் ஹிகின்ஸாக மேடையில் நடித்த ரெக்ஸ் ஹாரிஸனையே படத்திலும் வைத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டை இரண்டுதரம் ஒரே மாதிரிப் பாட என்னால் முடியாது, வாயசைப்புச் சரிவராது என்று அவர் மறுத்துவிட்டார். அதனால் கழுத்துப்பட்டிக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்துவைத்து, படப்பிடிப்பிலேயே அவரைப் பாடவிட்டுப் பதிந்தார்கள். அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது. 2012-இல் வந்த 'லே மிஸராப்ள'விலும் நடிகர்கள் காதுக்குள் பியானோவைக் கேட்டபடி களத்திலேயே பாடினார்கள்.

எங்கள் அண்ணையும் ஹாரிஸனின் சாதிதான். சிந்துப் பாட்டை ஒருநாள் இழுப்பார், ஒருநாள் வெட்டுவார். அதனால் மாலைக்குள் மைக்கைச் செருகினோம். காதுக்குள் சிறிய இயர்போன் வைத்து, உடுக்குக்காரரைத் தூரத்தில் ஒரு பாலை மரத்தடியில் இருத்தினோம். இரண்டடி பாடிவிட்டு அண்ணை நிறுத்திவிட்டார். "உடுக்கு அடிக்கிற கையைக் காணாமல் என்னெண்டு தம்பி பாடுறது?" கடைசியில் உடுக்குக்காரர் கமெராவுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து அடித்தார். குரலும் உடுக்கும் ஒரே மைக்கில் கலந்துவிட்டன, பிறகு பிரிக்க முடியவில்லை. சில இடங்களில் உடுக்கு குரலை அமுக்குகிறது. அதோடு எனக்குச் சம்மதம்.

மேடை ஆளை வைத்துக்கொண்டால் எப்போதும் வெற்றி என்று சொல்ல வரவில்லை. 2021-இல் 'டியர் எவன் ஹான்ஸன்' படத்தில், மேடையில் டோனி விருது வாங்கிய பென் பிளாட்டையே பள்ளிக்கூடப் பெடியனாக நடிக்கவைத்தார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. வயதை எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு அப்போது 27 தான். எங்கள் காத்தானுக்கு 52!

இதற்கு வழியைக் கூத்தே வைத்திருந்தது. விடிய விடிய ஆடும் கூத்தில் ஒரே ஆள் கடைசிவரை காத்தானாக ஆடுவதில்லை. சின்னக் காத்தானுக்கு ஒருவர், வளர்ந்த காத்தானுக்கு வேறொருவர் என்று ஆள் மாறும். சனம் அதைக் கேள்வி கேட்பதேயில்லை. ஆகவே முன்பாதிக்கு அந்தப் பெடியனையே போட்டோம், அவனுடைய சொந்தக் குரலில். மெல்லிய குரல்தான், இரண்டு இடத்தில் சுருதியும் விலகுகிறது. ஆனால் கழுத்து அசைகிறது.

காத்தான் காதலிக்கும் ஆரியப்பூமாலையைத்தான் முழுதாக மாற்றினோம். மேடையில் அந்த வேடம் ஓர் ஆணுடையது. கிட்டக் காட்சியில் சவரம் செய்த தாடை பச்சையாகத் தெரிந்தது. அவர் இடத்துக்கு ஊர்த் தங்கச்சி ஒருத்தி வந்தாள், மூன்று மாதத்தில் சிந்துப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் யோசிக்காத சிக்கல் கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம். ஆணும் ஆணும் தர்க்கம் பாடும்போது, அதாவது பாட்டாலேயே வாதாடும்போது, சுருதி ஒன்று. அண்ணைக்கு இரண்டு கட்டை, தங்கச்சிக்கு ஐந்து. ஒவ்வொரு மாறுதலுக்கும் ஆர்மோனியக்காரர் சுருதி மாற்ற வேண்டியதாயிற்று. தர்க்கத்தின் சூடு கொஞ்சம் ஆறித்தான் போனது. இந்த மாற்றம் சரியா பிழையா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது கோவலன் கூத்து. கண்ணகி வேடக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரலில் ஒரு குறையுமில்லை. போன கிழமை சந்தையில் கண்டபோது, "தம்பி, நான் மீசையை எடுக்கிறதோ, விடுறதோ?" என்று கேட்டார். பொறுங்கோ, சொல்லுறம் என்று விட்டு வந்திருக்கிறேன்.