கூண்டா, தயிர்சாதமா, பத்து விநாடியா?

நான் செருப்பை மாட்டும்போதே என் நாய் மணிக்குத் தெரிந்துவிடும். வாலை இடுக்கிக்கொண்டு எனக்கும் கதவுக்கும் நடுவில் வந்து உட்காருவான். திரும்பி வந்தால் கதவின் அடியில் புதிதாக நாலு கீறல், தரையில் எச்சில் குட்டை. "நீங்க கிளம்பினதும் ஒரே ஊளை தம்பி" என்று கீழ்வீட்டு அக்கா ஒருநாள் சொல்லியே விட்டார்.

ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில்தான் செய்தேன்: பழைய போனை அலமாரியில் வைத்து வீடியோ எடுத்தது. முதல் அரைமணி நேரம் போதும். சலிப்பில் இருக்கும் நாய் கொஞ்சம் சுற்றும், எதையாவது கடிக்கும், அப்புறம் தூங்கிப்போகும். பயந்த நாய் கதவை விட்டு நகராது. மூச்சிரைக்கும், எச்சில் வடிக்கும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது கூண்டைத்தான். குட்டியிலிருந்தே பழகி, தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும் நாய்க்கு அது நல்ல இடம். பயந்த நாயை உள்ளே வைத்துப் பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல் உடையும், நகம் பிய்யும். மணி இருபது நிமிஷத்தில் மூக்குத் தோலை உரித்துக்கொண்டான். அன்றே கூண்டை மடித்துப் பரணில் போட்டேன்.

அடுத்தது 'காங்' மாதிரியான உள்ளீடற்ற ரப்பர் பொம்மை. தாளிக்காத தயிர்சாதத்தை அதற்குள் அடைத்து ஃப்ரீசரில் உறைய வைத்துக் கொடுத்தால், சலிப்பு நாய் அரைமணி நேரம் நக்கிக்கொண்டிருக்கும். செலவும் குறைவு. வெங்காயம், பூண்டு, திராட்சை கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் வைப்பதானால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும், அது நாய்க்கு விஷம். மணி அந்தப் பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகு தேடிப் போய் நக்கினான். தனியாக இருக்கும்போது பிடித்த சாப்பாட்டையே தொடவில்லை என்றால், அது சேட்டை இல்லை, பயம்தான்.

பாட்டு போட்டுவிட்டுப் போகலாம் என்பார்கள். 2017இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் காப்பக நாய்களிடம் நடத்திய ஆய்வில் மென்மையான ராக்கும் ரெகேயும் பதற்றத்தைக் கொஞ்சம் குறைத்தன. கெடுதல் இல்லை, ஆனால் பயந்த நாய்க்கு அது மட்டும் போதாது. இன்னொரு நாய் வாங்கும் யோசனையை நான் தொடவே இல்லை. மணி தேடுவது துணையை அல்ல, என்னை. கீறின கதவைக் காட்டித் திட்டுவதும் வீண். திரும்பி வந்தால் திட்டுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

கடைசியில் கைகொடுத்தது, நான் பொறுமையில்லாமல் தள்ளிப்போட்ட பயிற்சி. சாவிக்கொத்தை எடுத்து, குலுக்கி, சோபாவிலேயே உட்கார்ந்துவிடுவது. ஒருநாளைக்குப் பத்துத் தடவை. ஒரு வாரத்தில் சாவிச் சத்தத்துக்கு மணி தலையைத் தூக்குவது நின்றது. பிறகு கதவுக்கு வெளியே பத்து விநாடி. அப்புறம் இருபது, மறுபடி ஐந்து, பிறகு முப்பது. நேரத்தை ஏற்றிக்கொண்டே போனால் நாய் கணக்குப் போட்டுவிடும்; இடையிடையே குறைக்க வேண்டும். படிக்கட்டில் நின்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்த என்னை, வீட்டில் சண்டையோ என்று கூரியர் பையன் பரிதாபமாகப் பார்த்தான்.

இதில் ஒரு சிக்கல். பயிற்சி நடக்கும் மாதங்களில் நாய் தாங்கும் நேரத்துக்கு மேல் அதைத் தனியாக விடக்கூடாது. ஒருநாள் எட்டு மணி நேரம் விட்டால் பழையபடி ஆகிவிடும். பகலில் நாயைப் பார்த்துக்கொள்ளும் டே கேரும் பக்கத்து வீடும் உதவுவது இங்கேதான். அவற்றால் பயம் தீராது, பயிற்சி கெடாமல் காக்கும். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். காலையில் மணி இப்போது அவர் வீட்டில்தான்.

மாத்திரை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். தனியாக இருக்கப் பயப்படும் இதே பிரச்சினைக்காக ஃப்ளுவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் இரண்டையும் நாய்களுக்கு அமெரிக்காவில் அங்கீகரித்திருக்கிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். மனிதர்களுக்கு வாங்கியதை உடைத்துப் போடக்கூடாது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நாய் என்றால் நான் முதல் நாளே மருத்துவரிடம் போவேன். மணி விஷயத்தில் அந்த மூக்குக் காயத்தைப் பார்த்தும் தாமதித்தேன்.

இப்போது நாற்பது நிமிஷம் தாங்குகிறான். முடி வெட்டிக்கொண்டு வந்துவிடலாம். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே எழுந்து வர வேண்டும்.